நகர்ந்தது யார் பக்கம்?

என் மாமனார் கொத்தனார். ஊரில் அவருக்கு 'ரசமட்டம்' என்று, மட்டம் பார்க்கும் கருவியின் பெயரே பட்டப்பெயர். பெண் கொடுப்பதைப் பற்றிப் பேச எங்கள் வீட்டுக்கு வந்தவர், வந்த காரியத்தை விட்டுவிட்டுச் சுவர்க் கடிகாரத்தையே முறைத்துக்கொண்டிருந்தார். "வலது பக்கம் சாயுது" என்று எழுந்து போய்ச் சரிசெய்த பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது. ஓட்டலுக்குப் போனாலும் மேசை ஆடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். தங்கமான மனிதர். என்ன, அவர் கட்டியது கோணல் என்று மட்டும் யாரும் வாய் திறக்கக் கூடாது.

திறந்தவர் வேறு யாருமில்லை, என் மாமியாரின் கூடப்பிறந்த தம்பி. அவரும் கொத்தனார்தான். இருவரும் சேர்ந்து பள்ளிக்கூடத்துக்கு நீளமான மதில் கட்டினார்கள். ஆளுக்கொரு முனையில் தொடங்கி நடுவில் வந்து சேர்வது அவர்கள் வழக்கம். இரண்டு பாதியும் எங்கே சேர்ந்தன என்று கண்டுபிடிப்பவனுக்குத் தன் கொத்துக் கரண்டியையே கொடுத்துவிடுவதாக மாமனார் சவால் விடுவாராம்.

சில வருடங்களில் அதைக் கண்ணில்லாதவர்கூடத் தடவிக் கண்டுபிடிக்கலாம் என்று ஆகிவிட்டது. சேர்ந்த இடத்தில் மதில் விரிசல் விட்டு, ஒரு பாதி நாலு விரல் அகலத்துக்குத் தெருப்பக்கம் துருத்தி நின்றது.

"மச்சான், உங்க பாதிதான் கோணல்" என்றார் தம்பி.

"என் நூல் தப்பாது. உன் கண்ணுதான் கோணல்" என்றார் இவர்.

அன்றோடு பேச்சு வார்த்தை அறுந்தது. தம்பி வீடு மூன்று தெரு தள்ளித்தான். பால் வாங்கப் போகிறேன் என்று கிளம்பி மாமியார் அங்கே போய்விட்டு வருவார். பால் வாங்க இவ்வளவு நேரமா என்று கேட்க மாமனாருக்குத் தைரியம் கிடையாது. இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துச் சாப்பாடு போட வேண்டும், அந்த அம்மாவுக்கு வேறு ஆசையே இல்லை.

போன மாதம் மதிலை இடித்துக் கட்டுவது என்று முடிவானது. அதற்கு முன் மண்ணைப் பார்க்க நிலவியல் படித்த ஒரு பெண் வந்தார். தீர்ப்புச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து இரண்டு கொத்தனார்களும் ஆஜர். விரிசலுக்கு இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அவர். மாமியாரும் நானும் கொஞ்சம் தள்ளி நின்றோம்.

"ரெண்டு பாதியும் நேராத்தான் கட்டியிருக்கீங்க. தரைதான் நகருது" என்றார் அந்தப் பெண்.

இருவர் முகமும் தொங்கிப்போனது. ஜெயிக்க வந்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு தீர்ப்பா!

"பூமியோட மேல் ஓடு ஒரே துண்டு இல்லைங்க. பெரிய பெரிய தட்டா பிரிஞ்சு கிடக்கு. நகம் வளர்ற மாதிரி, கண்ணுக்குத் தெரியாம நகருது. ரெண்டு தட்டு உரசிக்கிற கோடு உங்க மதிலுக்கு அடியில போகுது" என்றவர், மதிலைத் தாண்டி ஓடும் ஓடையைக் காட்டினார். மேலேயிருந்து நேராக இறங்கி வரும் ஓடை அந்தக் கோட்டைத் தொட்டதும் முழங்கை போல மடங்கி, பக்கவாட்டில் கொஞ்ச தூரம் ஓடிவிட்டுத்தான் மறுபடி இறங்குகிறது. நாங்கள் தினமும் பார்க்கிற ஓடைதான். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. கோடு வளையும் இடத்தில் தரை நெருக்குண்டு மேலே எழும்பியதுதான் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் குன்றாம். தரை விலகிக்கொடுத்த இடம் பள்ளமாகி, தண்ணீர் தேங்கி எங்கள் ஊர்க் குளமானதாம். தட்டுகள் நேருக்கு நேர் முட்டிக்கொண்டால் பெரிய மலைத்தொடரே எழும்புமாம்.

மாமனார் தாடையைச் சொறிந்தார். "அதெல்லாம் சரிம்மா. நகர்ந்தது அவன் பக்கம்தானே?"

"இங்க நின்னு பார்த்தா அந்தப் பக்கம் நகர்ந்த மாதிரி தெரியும். அங்க நின்னு பார்த்தா உங்க பக்கம்."

"எல்லாரும் கேட்டுக்கங்க! அவர் பக்கமாம்!" என்று தம்பி வானத்தைப் பார்த்துச் சொன்னார்.

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. விரிசலுக்கு நேரே போய் நின்றார்.

"சுவத்த நகத்தினது பூமி. எங்கம்மா செத்தப்போ ஒருத்தர் முன்வாசல்லயும் ஒருத்தர் பின்வாசல்லயும் நின்னீங்களே, அதையும் பூமியா செஞ்சுது?"

மாமியார் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார். எனக்கும் அங்கே நிற்க வெட்கமாக இருந்தது, பின்னாலேயே போனேன்.

வீட்டுக்கு வந்ததும் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுச் சமைக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாமனாரும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

"கதவத் திற. நான்தான் கூட்டிட்டு வந்தேன்" என்றார் மாமனார். அதிலும் முதல் மார்க் அவருக்கு வேண்டும்.

"அக்கா..." என்றார் தம்பி.

நான் கதவருகே போனேன். மாமியார் மேசையில் எல்லோருக்கும் தட்டு வைத்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து கொட்டுவதைத் துடைக்கக்கூட இல்லை.

"இப்பத் திறக்காதீங்க மாப்ள" என்றார். "கொஞ்ச நேரம் நிக்கட்டும். இத்தனை வருஷம் நான் நிக்கலையா?"