எங்கள் கரவனின் உண்மையான நிறை

காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் பழைய கரவன் வீட்டு வண்டி ஒன்றை வாங்கி, இன்று காலை மோர்டென்ஸ்ருட்டில் இருந்து எங்கள் முதல் பயணத்துக்குப் புறப்பட்டோம். ஒஸ்லோவைத் தாண்டியதும் வீதியோரத்தில் வாகனம் நிறுக்கும் தட்டு ஒன்றைக் கண்டேன். ஆளில்லை, இலவசம். "ஒருக்கா நிறுத்துப் பாப்பம் அப்பா" என்று கெஞ்சினேன்.

அப்பாவுக்குப் பயமே இல்லை. யாழ்ப்பாணம் போகப் பெட்டி கட்டும்போது பிடிக்கிற அதே கைத்தராசில் அரிசி, கிரைண்டர், என் புத்தகங்கள் எல்லாவற்றையும் தூக்கி நிறுத்து, ஏற்றக்கூடிய அளவுக்குள்தான் ஏற்றியிருந்தார்.

தட்டு காட்டியது அனுமதித்ததைவிட நூற்றைம்பது கிலோ கூட.

"முன்கூடாரம், பெரிய பற்றரி, தண்ணி எல்லாத்தையும் நீங்கள் நிறுக்கேல்லையே."

"அது கரவனோடை வந்த சாமான் பிள்ளை."

"எயார்போட்டிலை பெட்டியையும் சேர்த்துத்தானே நிறுக்கிறவை?"

இப்படியே போய்ப் பிடிபட்டால் தண்டம், பிரேக் பிடிக்காவிட்டால் அதைவிட மோசம். காரும் நிரம்பிவிட்டது. பெரியம்மா குடும்பம் ஏரிக்கரையில் காத்திருக்கிறது.

தண்ணீரைத் திறந்துவிட்டோம். போதவில்லை.

"கிரைண்டரை இறக்குவமோ?" என்றார் அப்பா.

"அப்ப என்னையும் இறக்கிவிடுங்கோ" என்றார் அம்மா.

பிறகு அம்மாவே புட்டுப் பெட்டியைத் திறந்தார். "சாப்பிடுங்கோ, கொஞ்சமாவது குறையும்."

அந்த நிறை எங்கள் வயிற்றோடு காருக்குத்தான் மாறும் என்று நான் சொல்லவில்லை. சாப்பிட்டுக்கொண்டே எழுதுகிறேன். மிச்சச் சாமானை ஏற்ற வெறும் காரோடு யாராவது இந்தப் பக்கம் வருகிறீர்களா? புட்டு இன்னும் இருக்கிறது.