போதுமானது என்று எழுதினேன்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் நான் ஆம்பூரில் சாலைத் துறையில் உதவிப் பொறியாளராக இருந்தேன். அதற்கு முன்னால் சாலைப் பாதுகாப்புத் தணிக்கை என்றால் அலுவலக மேசையில் முடிகிற வேலை. ஒரு படிவம், சில கட்டங்கள், ஒரு கையெழுத்து. பிறகு புதிய நடைமுறை வந்தது. தணிக்கை செய்பவர் சாலையின் இரண்டு பக்கமும் நடந்து பார்க்க வேண்டும், பகலில் ஒருமுறை, விளக்கு வைத்த பிறகு ஒருமுறை. சாலையைக் கடக்கிறவர்களிடம் கேட்டு எழுத வேண்டும்.

நான் ஜீப்பில் போனேன். மே மாத வெயில். ஊருக்குள் போகும் பெரிய சாலையில், ஒரு ஷூ கம்பெனிக்கு எதிரே வேப்ப மரத்தடியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, உள்ளே இருந்தபடியே போன வருடத்துத் தாளைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். ஷிப்ட் முடிந்து பெண்கள் வெளியே வந்தார்கள். புடவைக்கு மேல் கம்பெனி கோட்டு போட்ட ஒரு பெண் ஜீப்பில் இருந்த அரசாங்க எழுத்தைப் படித்துவிட்டு என் பக்கம் வந்தாள். முப்பது வயது இருக்கலாம். மாதனூர் பக்கத்திலிருந்து வருவதாகச் சொன்னாள்.

"மேடம், கம்பெனி பஸ்ஸு அந்தப் பக்கம்தான் நிக்குது. நாங்க டெய்லி இந்த நடுச்சுவரத்தான் ஏறிக் குதிக்கிறோம். பொடவ தடுக்குது. ஜாஸ்தி வேணாம், ஒரு பத்தடி ஒடச்சி வழி வுட்டா போதும்."

எழுதிக்கொள்கிறேன் என்றேன். அவள் என் கையிலிருந்த பேனாவைப் பார்த்துவிட்டு நம்பிக்கையோடு போனாள். அதை எழுதினால் அளவெடுக்க இறங்க வேண்டும், வரைபடம் போட வேண்டும், இருட்டிய பிறகு மறுபடி வர வேண்டும். வீட்டுக்குப் போக எனக்கு வேலூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. பாதசாரிகள் கடக்கும் வசதி என்ற கட்டத்தில் போன வருடம் இருந்த சொல்லையே எழுதினேன்: போதுமானது. இரண்டு முறை நடந்ததாகக் கையெழுத்தும் போட்டேன்.

நான்கு மாதம் கழித்து அதே இடத்தில் சுவரிலிருந்து இறங்கிய ஒரு பெண்ணை வேன் இடித்துவிட்டதாகத் தகவல் வந்தது. விசாரித்து அறிக்கை தரச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலில் அவள்தான் இருந்தாள். இடது காலில் முட்டிக்கு மேல் வரை கட்டு.

அவள் கணவர் என்னிடம் கோபமாகப் பேச ஆரம்பித்தார். இத்தனை நாள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்றார். அவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இவங்கள ஒண்ணும் சொல்லாத. இந்த மேடம் அன்னிக்கே வெயில்ல வந்து எழுதிக்கினு போனாங்க. மேல இருக்கிறவங்கதான் கண்டுக்கல."

அவர் உடனே தணிந்துவிட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, வெளியே போய் எனக்கு டீ வாங்கி வந்தார். நான் அந்த டீயைக் குடித்தேன்.

மறுநாளே போய் அந்தச் சாலை முழுவதும் நடந்தேன், சாயங்காலம் விளக்கு எரிந்த பிறகும் நடந்தேன். சுவரில் வழி விட்டு, வேகத்தடையும் விளக்கும் போட வேண்டும் என்று எழுதினேன். அந்த அறிக்கையிலும் புதிதாக எழுந்த தேவை என்றுதான் குறிப்பிட்டேன். முந்தைய தணிக்கை பொய் என்று எழுதக் கை போகவில்லை. ஆறு மாதத்தில் வழி திறந்தார்கள். அவளால் அதற்குப் பிறகு நின்று வேலை செய்ய முடியவில்லை, கம்பெனியை விட்டு நின்றுவிட்டாள் என்று அவளோடு வேலை செய்தவர்கள் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

பிறகு வேலூருக்கு மாற்றலாகி வந்தேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தணிக்கை முறையைச் சொல்லித்தரும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். நடந்துதான் பார்க்க வேண்டுமா என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள். அப்போது இதை முழுதாகச் சொல்வேன், வேப்ப மரம், டீ எல்லாவற்றோடும். எனக்குத் தெரிந்த ஒரு பொறியாளர் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.