ஆர்லீத்தா கட்டிய சுவர்

வீடு தன் பெயருக்கு வருவதற்கு முன்பே ஆர்லீத்தா ப்ரூயிட் அதைக் கனவில் பலமுறை பழுது பார்த்திருந்தாள். கனவில் சுத்தியல் சத்தம் போடாது. ஆணி வெண்ணெயில் இறங்குவதுபோல் மரத்தில் இறங்கும். உதிர்ந்து விழுந்த கூரைப் பூச்சு தானாக எழும்பிப் போய்ப் பழைய இடத்தில் ஒட்டிக்கொள்ளும். விழித்துப் பார்த்தால் விரல்களில் வலி மட்டும் மிச்சம் இருக்கும்.

அமெரிக்காவின் டொலிடோ நகரில், வடக்குப் பக்கம், ஆற்றுக் காற்று நேராக வந்து மோதும் தெருவில் அந்த மரவீடு இருந்தது. யாரோ வரி கட்டாமல் விட்டுப் போனதில் அது நகராட்சியின் கைக்கு வந்திருந்தது. அப்படிப்பட்ட வீடுகளை நகராட்சி ஏறக்குறைய சும்மாவே கொடுத்துவிடும். ஆனால் சொன்ன கெடுவுக்குள் அதை மனிதர் குடியிருக்கும்படி ஆக்கிக் காட்ட வேண்டும். வீட்டைச் சூடாக்கும் உலை எரிய வேண்டும், கூரை ஒழுகக் கூடாது, விளக்கு எரிய வேண்டும், எல்லாக் குழாயிலும் தண்ணீர் வர வேண்டும். ஆய்வாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால் வீடு நம்முடையது. இல்லாவிட்டால் வீடும் போகும், அதில் போட்ட உழைப்பும் போகும். ஆர்லீத்தா இலையுதிர் காலத்திலேயே ஒருமுறை கெடுவை நீட்டி வாங்கியிருந்தாள். இனி நீட்ட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஜனவரிதான் கடைசி.

ஐம்பதைத் தாண்டிய அவள் அதுவரை ஒரு சுவரில்கூட ஆணி அடித்ததில்லை. பிறந்ததிலிருந்தே வாடகை வீடுதான். ஆணி அடித்தால் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்பதால் அவள் அம்மா நாட்காட்டியை ஜன்னல் கொக்கியில்தான் தொங்கவிடுவாள். ஏதாவது உடைந்தால் வீட்டுக்காரருக்குப் போன் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சில சமயம் அந்தக் காத்திருப்பு ஒரு பருவம் முழுக்க நீளும். அதனால் சுவரின் மேற்பரப்பு குடியிருப்பவர்களுக்கு, அதற்குள்ளே இருப்பது வேறு யாருக்கோ என்றுதான் அவள் சிறு வயதிலிருந்தே நினைத்திருந்தாள். பள்ளியைப் பாதியில் விட்டாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். அங்கே விரிப்பும் துவாலையும் மடித்தே வயது போனது.

கற்றுக்கொண்டதும் அந்த மடிக்கும் மேசையில்தான். போனை சோப்பு டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு வீடியோ பார்ப்பாள். அதில் ஒரு பெண், முகத்தைக் காட்டவே மாட்டாள். இரண்டு கைகள் மட்டும் தெரியும். வலது கட்டைவிரல் நகம் கறுத்திருக்கும். அந்தக் கைகளுக்கு அவசரமே கிடையாது. திருகாணி கீழே விழுந்தால் ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு போய் எடுத்துவரும். வெள்ளை விரிப்புகள் ஆர்லீத்தாவின் கையில் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்துகொண்டே போகும். திரையில் அந்தக் கைகள் ஒரு சுவரைத் திறக்கும், அல்லது ஒரு கதவைத் தொங்கவிடும். எது விரிப்பு, எது சுவர் என்று சில நேரம் அவளுக்கே குழம்பிவிடும்.

முதல் வேலை, ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த கழிவறைத் தொட்டி. உள்ளே ஒரு ரப்பர் மூடி, அவ்வளவுதான் விஷயம். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டியதும் தண்ணீர் நின்றது. அவள் குளியல்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, சத்தம் இல்லாமல் போன அந்த அறையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கை அடுத்தடுத்த வேலைகளுக்கு நீண்டது. பெயின்ட் மேல் பெயின்ட் அடித்து ஒட்டிப்போயிருந்த ஜன்னல்களைக் கத்தியால் கீறித் திறந்தாள். விளக்கு மாட்டப் பழகினாள். ரசமட்டம் ஒன்று வாங்கி, அதன் குமிழ் நடுவில் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு அலமாரிப் பலகை ஒன்றை மாட்டினாள். எட்ட நின்று பார்த்தால் பலகை கோணலாக இருந்தது.

எதிர்வீட்டு இர்மா பலாசியோஸ் அதைப் பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்தாள். இர்மா சனிக்கிழமைகளில் சோளமாவைச் சோளத்தோலில் பொதிந்து தமாலே அவித்து விற்கிறவள். யார் வீட்டுக்கும் தட்டாமல் வருவாள், வரும்போது கையில் ஏதாவது இருக்கும்.

"ஏன்டி, பலகையை வச்சியா, சறுக்குமரம் கட்டியா?"

"ரசமட்டம் சரின்னு சொல்லுது."

"ரசமட்டம் சொல்லும். அது கடையில இருந்துல்ல வந்திருக்கு. இந்த வீடு நூறு வருஷமா ஆத்துப் பக்கம் சாஞ்சு நிக்குது. வீட்டோட சேந்து சாய வேண்டாமா பலகை?"

ஆர்லீத்தா பலகையைக் கழற்றி, ஜன்னல் விளிம்புக்கு இணையாகச் சாய்த்து மாட்டினாள். நேராகத் தெரிந்தது.

அவள் பெருமைப்பட்டது சமையலறையின் வடக்குச் சுவரில்தான். வந்த புதிதில் அது ஊறிப்போய் வயிறு தள்ளி நின்றது. உடைத்து எடுத்தபோது மரச்சட்டங்களுக்கு நடுவே பாத்திரம் கழுவும் தொட்டிக்குத் தண்ணீர்க் குழாய் ஒன்று தனியாக மேலேறிப் போவது தெரிந்தது. பலகை இடுக்குகளில் வெளி வெளிச்சம் ஊசிபோல் வந்தது. பாவம், இந்தக் குழாய் இவ்வளவு நாளும் குளிரில் நின்றிருக்கிறது என்று தோன்றியது. குளிரைத் தடுக்கும் இளஞ்சிவப்புக் கண்ணாடிப் பஞ்சை வாங்கிவந்து, தூங்கும் குழந்தைக்குப் போர்த்துவதுபோல் குழாயின் மேல் போர்த்தினாள். அதன்மேல் ஜிப்சம் பலகை அடித்து, பட்டி வைத்து, காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி பட்டி வைத்தாள். தூசி அவள் இமைகளில் மாவுபோல் படிந்தது. இரண்டு பலகைகள் சேரும் இடம் மெல்ல மெல்லக் கரைந்து காணாமல் போனது. சோள ரொட்டியின் உட்புறம் போன்ற மஞ்சள் பெயின்ட்டை அதற்குப் பூசினாள்.

இர்மா கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். "எங்கடி இருக்கு இணைப்பு?"

"சொல்ல மாட்டேன்."

"உனக்கே தெரியாது."

உண்மைதான். வேலை முடிந்து வரும் மாலைகளில் ஆர்லீத்தா கோட்டைக்கூடக் கழற்றாமல் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து நிற்பாள். வெளியே பனி விழும். சுவர் வெதுவெதுப்பாக இருக்கும்.

குளிர் உச்சத்தில் இருக்கும் நாட்களில் அந்தத் தெருவில் எல்லோரும் படுக்கப் போகுமுன் குழாயை நூல்போல் ஒழுகவிடுவார்கள். ஓடும் தண்ணீர் உறையாது. அவளும் அப்படித்தான் செய்துவந்தாள். ஆய்வாளர் வரும் நாளுக்கு முன்தினம் மட்டும், அடுப்படிக் குழாய் சொட்டுவதைப் பார்த்து அவளுக்கு உறுத்தியது. பழுதான குழாய் என்று எழுதிவிட்டால் என்ன செய்வது? இறுக்கி மூடிவிட்டுப் படுத்தாள்.

காலையில் உலகம் வெள்ளையாக, சத்தமில்லாமல் இருந்தது. ஜன்னல் வழியே வந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாத மாதிரி அறை முழுக்க நின்றது. ஆர்லீத்தா காப்பிக்குத் தண்ணீர் பிடிக்கக் குழாயைத் திறந்தாள். யாரோ பேச வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டதுபோல் ஒரு மூச்சு வந்தது. வேறொன்றும் வரவில்லை. குளியலறைக்கு ஓடிப் பார்த்தாள், அங்கே வந்தது. அடுப்படியில் மட்டும் இல்லை.

கதவு தட்டப்பட்டது. வாசலில் ரென்ஃப்ரோ, நகரத்தின் ஆய்வாளர், பூட்ஸிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டு நின்றார். கண்களுக்குக் கீழே களைப்பு இருந்தாலும் குரலில் மரியாதை இருந்தது. உலையைப் பார்த்தார், மாடிக்குப் போனார், விளக்குகளைப் போட்டுப் போட்டு அணைத்தார். அடுப்படிக்கு வந்து குழாயைத் திறந்தார்.

"உறைஞ்சிருக்கும்மா."

"ஆமாங்க. இன்னைக்குத்தான்."

"இன்னைக்குத்தான் நானும் வந்திருக்கேன்." சொல்லிவிட்டு அவரே சங்கடப்பட்டதுபோல் தொப்பியைச் சரி செய்தார். "இதை இப்படியே விட்டுட்டு நான் எழுத முடியாது. அடுத்த தெருவுல இன்னொரு வீடு இருக்கு. அதைப் பாத்துட்டுத் திரும்ப இந்தப் பக்கமாத்தான் போவேன். அப்ப தண்ணி வந்தா வந்தது. வரலன்னா, வரலன்னுதான் எழுதணும் மிஸ் ப்ரூயிட்."

அவர் போனதும் ஆர்லீத்தா இர்மாவுக்குப் போன் செய்தாள். "உன்கிட்ட ஹேர் டிரையர் இருக்கா?"

"மொட்டையடிச்ச மாதிரி முடி வெட்டிட்டுத் திரியிற, உனக்கு எதுக்குடி அது?"

"குழாய்க்கு."

சிறிது நேரத்தில் இர்மா கவுன்மேல் கோட்டு மாட்டிக்கொண்டு, ஹேர் டிரையரைக் கையில் பிடித்தபடி தெருவைக் கடந்து வந்தாள்.

"பிளம்பரைக் கூப்பிட்டியா?"

"இன்னைக்கு ஊர்ல பாதிப்பேருக்கு உறைஞ்சிருக்கும். எவன் வருவான்?"

ஆர்லீத்தா உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். எப்போதும்போல் வெதுவெதுப்பு. இவ்வளவு இதமான சுவருக்குப் பின்னால் எப்படி உறையும்? கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். சலவைக்கூடத்து மேசை நினைவுக்கு வந்தது. வெள்ளை விரிப்புகள், சோப்பு டப்பாவில் சாய்ந்த திரை, அந்த அவசரமில்லாத கைகள். அவை பஞ்சைக் குழாயின் மேல் போர்த்தவில்லை. குழாய்க்குப் பின்னால், வெளிப்பக்கமாகத் தள்ளின. முன்பக்கம் குழாயை வெறுமையாக விட்டன. அந்த நேரத்தில் அவள் ஒரு துவாலையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"இர்மா, நான் குழாயைக் குளிர்ல இருந்து மறைக்கல. அடுப்படிச் சூட்டுல இருந்து மறைச்சு வச்சிருக்கேன். சூடு இந்தப் பஞ்சோட நின்னு போச்சு. அதான் சுவர் இவ்வளவு சுகமா இருந்திருக்கு."

"அதுக்கு?"

"வெட்டணும்."

இர்மா மஞ்சள் சுவரைப் பார்த்தாள். எப்போதும் இருக்கும் கேலி அவள் முகத்தில் இல்லை. "வேற வழி பாக்கலாமே. கீழ நிலவறையில இருந்து சூடு காட்டினா?"

"அங்க இருந்து எட்டாது. நேரமும் இல்ல."

கத்தியை எடுத்தாள். முதல் கீறல் இழுக்கும்போது கை தயங்கியது. தன் கை போலவே இல்லை, தூங்கி எழுந்த கைபோல் கனமாக இருந்தது. பிறகு மஞ்சள் பிளந்தது, வெள்ளைப் பொடி கொட்டியது. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே தரையிலிருந்து இடுப்புயரம் வரை பலகையைப் பெயர்த்து எடுத்தாள். அப்போதுதான் இணைப்பு எங்கே இருந்தது என்று தெரிந்தது. சரியாக அதன்மேலேயே வெட்டியிருந்தாள். பஞ்சை இழுத்ததும் உள்ளிருந்து குளிர் வந்து இருவர் முகத்திலும் பட்டது. குழாயின்மேல் உறைபனி மெல்லிய வெள்ளை ரோமமாகப் படர்ந்திருந்தது.

"எங்கயாவது வெடிச்சிருந்தா?" என்றாள் இர்மா மெதுவாக.

"வெடிச்சிருந்தா தண்ணி வரும்போது தெரியும்."

மேலே தொட்டிக் குழாயைத் திறந்து வைத்துவிட்டு, அதன் பக்கத்திலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கிச் சூட்டைக் காட்டினாள். இர்மா ஒயர் இழுபடாமல் பிடித்துக்கொண்டாள். ஹேர் டிரையர் ஒரே சுருதியில் முனகியது. வெள்ளை ரோமம் ஈரமாகி, பித்தளை நிறம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. அந்தச் சத்தத்துக்குள் ஆர்லீத்தாவுக்குக் கண் செருகுவதுபோல் இருந்தது. ஆறு நினைவுக்கு வந்தது. மேலே பனிக்கட்டி, அதற்கு அடியில் இருட்டில் எங்கோ போய்க்கொண்டிருக்கும் தண்ணீர். இந்த வீட்டில் தனக்கு முன் இருந்தவர்களும் இப்படி ஒரு காலையில் இங்கே மண்டியிட்டிருப்பார்களோ என்று நினைத்தாள். அவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க முயன்றாள். முகம் வரவில்லை, முழங்கால்கள் மட்டும் தெரிந்தன.

குழாய் இருமியது.

"அசையாத," என்றாள் இர்மா, அசைந்தால் ஓடிவிடும் என்பதுபோல்.

மறுபடி இருமல். காற்றும் பனித்துணுக்கும் தெறித்தன. பழுப்பாக ஒரு கோடு ஒழுகி, தடித்து, தெளிந்து, தொட்டியில் சடசடவென்று விழுந்தது. ஆர்லீத்தா எழுந்து பார்க்கவில்லை. சுவரின் ஓட்டைக்குள் தலையை நுழைத்துக் குழாயை மேலிருந்து கீழ்வரை, ஒவ்வொரு இணைப்பாக, விரலால் தடவிக்கொண்டு போனாள். எங்கும் சொட்டவில்லை.

ரென்ஃப்ரோ திரும்பி வந்தபோது தரையெல்லாம் மஞ்சளும் வெள்ளையுமாகக் கிடந்தது. அவர் தண்ணீரைப் பார்க்குமுன் ஓட்டையைத்தான் பார்த்தார்.

"யாரு இதை இப்படி உடைச்சது?"

"நான்தாங்க."

"காலையில நல்லா இருந்துச்சே. யாரு கட்டிக் கொடுத்தது?"

"அதுவும் நான்தாங்க."

அவர் குனிந்து, டார்ச் அடித்து, குழாயின் அடியில் விரலை வைத்துப் பார்த்தார். ஈரம் இல்லை. எழுந்து குழாயை முழுதாகத் திறந்துவிட்டு நின்றார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஆர்லீத்தா அவர் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரையே பார்த்தாள்.

"சுவத்துல ஓட்டை இருக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?" என்று இர்மா கேட்டாள். "இருந்தா என் வீட்டையும் சேத்துப் பிடுங்கிக்கோங்க."

"மின்கம்பி எதுவும் வெளிய தெரியல. மரச்சட்டம் பலமா இருக்கு. தண்ணி வருது." ரென்ஃப்ரோ குழாயை மூடினார். பிறகு பேனாவை எடுத்து, வாயால் ஊதிச் சூடாக்கி, கையெழுத்துப் போட்டார். "வாழ்த்துகள், மிஸ் ப்ரூயிட். பஞ்சை இந்தத் தடவை பின்பக்கமா வைங்க."

"தெரியுங்க."

அவர் வண்டி தெருமுனையில் மறைந்ததும் இர்மா நாற்காலியில் விழுந்து, கோட்டுப் பையிலிருந்து துணியில் சுற்றிய தமாலேக்களை எடுத்து மேசையில் வைத்தாள். அவற்றில் இன்னும் கொஞ்சம் சூடு மிச்சம் இருந்தது. ஆர்லீத்தா உட்காரவில்லை. சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, பஞ்சை எடுத்து, குழாய்க்குப் பின்னால் வெளிப்பலகையோடு சேர்த்து மெதுவாகத் தள்ளினாள். அவசரமே படவில்லை. குழாய் இப்போது அடுப்படியைப் பார்த்தபடி வெறுமையாக நின்றது. அடுப்படியின் சூடு அதன்மேல் போய்ப் படுவது கண்ணுக்குத் தெரிவதுபோல் இருந்தது.

"அசிங்கமா இருக்குடி," என்றாள் இர்மா, வாயில் உணவோடு. "எப்ப மூடுவ?"

"குளிர் போகட்டும்."

"அதுவரைக்கும் இதையே பாத்துட்டு இருப்பியா?"

ஆர்லீத்தா தரையில், மஞ்சள் துண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, கையை நீட்டி ஒரு தமாலேயை எடுத்துப் பிரித்தாள்.

"பாத்தா என்ன," என்றாள். "நான் எங்கயும் காலி பண்ணிட்டுப் போகப் போறதில்லையே."