கோல்கீப்பர் நெற்றியில் ஒரு பொட்டு

தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய அட்டை அது. தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிய ஒரு பிரெஞ்சுக்கார கோல்கீப்பர் அதில் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யாரோ பிடுங்க வருவதுபோல் முறைத்தபடி நிற்பார். அவர் நெற்றி நடுவே மங்கிய சிவப்பில் ஒரு பொட்டு. அச்சடித்தவர்கள் வைத்ததல்ல, எங்கள் அண்ணி வைத்தது.

புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவுக்குக் கை மாறிய மறு வருஷம். எங்கள் தெருவில் பாதிப் பேர் மில்லுக்குப் போகிறவர்கள், அண்ணனும் அப்படித்தான். அப்பாவுக்கு மட்டும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், வெள்ளைக்காரர் தெருவில், ஒரு பிரெஞ்சு வீட்டில் சமையல் வேலை. அந்த வீட்டுப் பிள்ளைகள் சாக்லேட்டைத் தின்றுவிட்டுப் போடும் உறைக்குள் ஒரு கால்பந்தாட்டக்காரரின் படம் போட்ட அட்டை இருக்கும். அதை அப்பா எனக்குக் கொண்டுவருவார், இரட்டையாக வந்தவை தெருவில் கை மாறும். பதினொரு பேரையும் சேர்த்துக் கொடுத்தால் தோல் பந்து தருவதாக அந்தப் பக்கத்துக் கடைக்கார மூசே சொல்லியிருந்தார் (அந்தப் பக்கத்து ஐயாக்களை நாங்கள் மூசே என்றுதான் கூப்பிடுவோம்). எங்கள் தெருவில் அதுவரை எல்லாரும் ஆடியது துணிப்பந்து. பெண்பிள்ளை என்று என்னைக் கோலில் நிறுத்திவைத்திருந்தார்கள். ஓட வேண்டாம், சும்மா நில்லு என்பார்கள். தோல் பந்து என்னுடையதாக இருந்தால் எங்கே நிற்பது என்பதை நானே சொல்லலாம் என்பது என் கணக்கு.

தெருப்பிள்ளைகள் அந்த அட்டைகளுக்கு வைத்திருந்த விலை நகைக்கடையில்கூட இருக்காது. முன்வரிசை ஆட்டக்காரர்கள் எல்லார் வீட்டிலும் கிடந்தார்கள், அவர்களைச் சீண்ட ஆளில்லை. முனை மடங்கினால் பாதி மதிப்பு போச்சு. கறை பட்டால் முழுசும் போச்சு. கோல்கீப்பர் மட்டும் யாரிடமும் இல்லை. அவரை அதிகம் அச்சடித்தால் ஊருக்கெல்லாம் பந்து கொடுக்க வேண்டிவருமே, சாக்லேட் கம்பெனிக்காரன் என்ன இளிச்சவாயனா? அந்த கோல்கீப்பர், சரஸ்வதி பூசைக்கு முதல் நாள் அப்பாவின் சட்டைப்பையிலிருந்து, முனை மடங்காமல், புத்தம் புதிதாக என் கைக்கு வந்தார். பதினொன்றும் சேர்ந்துவிட்டது, எனக்குத் தூக்கமே வரவில்லை.

அண்ணி கல்யாணமாகி வந்து சில மாசம்தான் ஆகியிருந்தது. பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், கால்பந்தைக் கண்ணால் பார்த்தவளில்லை. பூசையன்று வீட்டைக் கழுவி, அரிவாள்மனை, அண்ணன் சைக்கிள், என் பாடப்புத்தகம் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். பிறகு என் பதினொரு அட்டைகளையும் தாம்பாளத்தில் பரப்பி, ஒவ்வொருவர் நெற்றியிலும் அளவெடுத்ததுபோல் பொட்டு வைத்துவிட்டாள். நான் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது பிரெஞ்சு அணி முழுவதும் கோயிலுக்குப் போய் வந்ததுபோல் இருந்தது.

நான் தரையில் விழுந்து அழுதேன். தெருப்பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டு, செத்த வீட்டுக்கு வந்தவர்கள்போல் பேசாமல் போனார்கள். அண்ணிக்கு முகம் வெளுத்துவிட்டது. “ஒனக்கு ஒசந்த பொருளாச்சேன்னு வெச்சேன் பாப்பா. எல்லாத்துக்கும் வெச்சிட்டு இவங்கள மட்டும் வெறும் நெத்தியா வுட முடியுமா?” என்றாள்.

மறுநாள் அவளே என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். வாய்க்காலைத் தாண்டி அவள் போனது அதுதான் முதல் தடவை. தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளத் தெரியாமல் சற்று நின்று, பிறகு உள்ளே போய், “தப்பு எம்மேல மூசே, பிள்ளமேல இல்ல” என்று அட்டைகளை வைத்தாள். மூசே ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். சிரிப்பை அடக்கியது தெரிந்தது. பிறகு முகம் மாறிப்போய், “பொட்டு இருந்தா என்ன, இல்லாட்டி என்னம்மா. கப்பல்ல சரக்கு வர்றதே நின்னு போச்சு. குடுக்க எங்கிட்ட பந்து இல்ல” என்றார்.

திரும்பி வரும்போது வாய்க்கால் பாலத்தில் அண்ணி நின்றாள். “அப்ப என்னாலதான் போச்சுன்னு இல்லியே?” என்று கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. பந்து போன துக்கத்தைவிட அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. இல்லை அண்ணி என்று அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

பந்து இல்லை என்ற செய்தி பரவியதும் அட்டைகளின் மதிப்பு ஒரே நாளில் கவிழ்ந்தது. சுத்தமானது, முனை மடங்காதது எல்லாம் மழைத்தண்ணீரில் கப்பலாகப் போயின. நானும் எறியத்தான் போனேன். அண்ணி பிடுங்கிக்கொண்டாள். “பூசையில வெச்சத எவளாவது குப்பையில போடுவாளா?” பிஸ்கட் டப்பாவில் போட்டு சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள். அண்ணன் மில்லிலிருந்து கொண்டுவந்த கழிவு நூலை இறுக்கிச் சுற்றி, மேலே கெட்டித் துணி தைத்து, எனக்கு ஒரு பந்தும் செய்து தந்தாள். அது துள்ளக்கூடச் செய்தது. அந்தப் பந்துக்குச் சொந்தக்காரி நான். ஆனாலும் கோலிலேயே நின்றேன், அந்த இடம் எனக்குப் பிடித்துப்போயிருந்தது.

இத்தனை வருஷம் கழித்து, போன மாதம் அண்ணியின் பேத்தி அந்த கோல்கீப்பர் அட்டையைப் படமெடுத்து, இப்படிப்பட்டவற்றைச் சேர்க்கிற ஒருவருக்கு அனுப்பினாள். அச்சடித்ததே கொஞ்சம், அதிலும் மிஞ்சியது அபூர்வம், நல்ல விலை போகும், ஆனால் நெற்றிக் கறையால் மதிப்புக் குறைகிறது, அதைப் பக்குவமாக எடுத்துவிட ஆள் இருக்கிறது என்று பதில் வந்தது. அவர் சொன்னதில் தப்பில்லை, எங்கள் தெருப்பிள்ளைகளும் அதையேதான் சொன்னார்கள். அந்தக் கறை இல்லாத அட்டைகள் எல்லாம் எங்கே போயின என்பதுதான் அவருக்குத் தெரியாது. பேத்தி படித்துக் காட்டியதை அண்ணி காதைச் சாய்த்துக் கேட்டாள். “பொட்ட எடுத்துட்டா அவரு யாரோதான?” என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

இந்த சரஸ்வதி பூசைக்குப் பேத்தி தன் கையுறைகளையும் தோல் பந்தையும் கொண்டுவந்து வைத்தாள். கல்லூரி அணியில் அவள்தான் கோல்கீப்பர், யாரும் சும்மா நில்லு என்று சொல்லி நிறுத்தியதல்ல. அண்ணி பந்துக்குப் பொட்டு வைத்தாள். பிறகு டப்பாவைத் திறக்கச் சொன்னாள். பழைய பொட்டு ரொம்ப மங்கிவிட்டது என்று அவளுக்குக் குறை. குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு, கண்ணை இடுக்கி அட்டையைத் தேடினாள். நான் அட்டையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு, “இங்க வைங்க அண்ணி” என்று நெற்றியைக் காட்டினேன்.