ஊர்வலத்துக்கு அனுமதி இல்லை, ஓடலாம்

போராட்டமும் ஒரு தொழில்தான். சம்பளம் கிடையாது, ஓய்வு பெறும் வயதும் கிடையாது. துண்டுப் பிரசுரம் படித்தே எழுத்துக் கற்றவன் நான். மனுவைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலக வராந்தாவில் நின்று கால் கடுத்தவர்களும், 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதிலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பியவர்களும் இதைப் படித்தால் போதும். மற்றவர்களுக்குப் புரியாது என்று சொல்லவில்லை. கொஞ்சம் நேரம் ஆகும்.

முதலில் குறைகளை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழிலில் வரிசை முக்கியம். முன்பின் மாறினால் அந்தச் சந்தில் அதிகாரி தப்பித்துக்கொள்வார். ஒன்று: எங்கள் பக்கத்திலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறிய மாலைப் பேருந்தைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். இரண்டு: ஏன் என்று கேட்டோம், சாலை சரியில்லை என்றார்கள். மூன்று: சாலையைச் சரிசெய்யக் கேட்டோம், காட்டுக்குள் போகும் சாலை, மேலிடத்து அனுமதி வேண்டும் என்றார்கள். நான்கு: அனுமதி வாங்கித் தரச்சொல்லி மறியல் செய்தோம், வழக்குப் போட்டார்கள். ஐந்து: வழக்கு நடக்கும்போது கோரிக்கையைப் பற்றிப் பேசக் கூடாது என்றார்கள். ஆறு: பட்டணத்துக்காரர்கள் மலையில் மாரத்தான் ஓட வருகிறார்கள் என்றதும் அதே சாலைக்குத் தார் போட்டார்கள். ஏழு: சாலை வந்துவிட்டது, பேருந்து வரவில்லை.

நடந்தால்தான் வழக்கு

ஏழாவது குறைக்காக, மாரத்தான் நாளன்று அதே சாலையில் ஊர்வலம் போவது என்று முடிவெடுத்தேன். 'முடிவெடுத்தோம்' என்று எழுதத்தான் ஆசை. ஆனால் சங்கத்தில் கூட்டம் போட்டால் இப்போது நானும் தலைவரும்தான் வருகிறோம். தலைவருக்கு முழங்கால் வலி.

காவல் நிலையத்துக்குப் போய் அனுமதி கேட்டேன். அங்கிருந்த ஏட்டு என்னைப் பலமுறை வேனில் ஏற்றியவர். ஏற்றும்போதெல்லாம் சன்னலோர இடம் தருவார். அன்றைக்குச் சாலை மூடல், ஊர்வலம் முடியாது என்றார். நூற்றுக்கணக்கான பேர் அதே சாலையில்தானே போகப்போகிறார்கள் என்று கேட்டேன். அவர் மனுவை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டு, உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நடந்துகினு போனாதாண்ணா கேஸு. ஓடிப்போனா பனியன் குடுக்கறாங்க, வாழப்பழம் குடுக்கறாங்க. நீங்க ஏன் ஓடக் கூடாது?"

முதுகில் எழுதியது

அறுபது தாண்டியவன் பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தேன். மருமகனின் கேன்வாஸ் ஷூவை வாங்கிக்கொண்டேன். அவர்கள் கொடுத்த பனியனின் முதுகில் சிவப்புத் துணியில் எழுத்து வெட்டி, 'மாலைப் பேருந்தை மீண்டும் விடு' என்று என் மனைவி தைத்துக் கொடுத்தாள். மலையடிவாரத்துச் சந்தவாசலில் இருந்து முந்தைய நாளே மேலே போய்விட்டேன்.

எண் அட்டை கொடுக்கும் பந்தலில் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண், வரும் ஒவ்வொருவர் ஷூ நாடாவிலும் சின்னப் பிளாஸ்டிக் வில்லை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். நாம் ஓடினோம் என்பதற்கு அந்த வில்லைதான் சாட்சி. ஓட்டம் முடியும் இடத்தில் ஒரு பாய் விரித்திருப்பார்கள். வில்லை அந்தப் பாயைக் கடந்தால் கணினி நம் பெயரை எழுதிக்கொள்ளும். மனிதன் கடந்தால் போதாது. பெயர் கொடுத்திருந்த மலைப் பெண்கள் ஏழெட்டுப் பேருக்கும் புது ஷூ கொடுத்து வில்லை கட்டினார்கள். வெறுங்காலோடு ஓடக் கூடாது என்பது விதி.

என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி முதுகைப் படித்தாள் அந்தப் பெண். தடுப்பாள் என்று காத்திருந்தேன். அதற்கான பதிலும் மனப்பாடமாக இருந்தது. அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஸ்பான்சர் பேரு முன்னாடி இருந்தாதான் ப்ராப்ளம், அங்கிள். பின்னாடி ஓகே."

பேருந்து நின்றதால் வந்த ஓட்டம்

அந்த மலைப் பெண்களில் ஒருத்தி அஞ்சலை. புளியங்கொட்டாய் என்கிற சின்ன ஊர். கணவன் இல்லை. சாமையும் புளியும் தலையில் சுமந்து கீழே சந்தைக்கு வருபவள். மாலைப் பேருந்து நின்ற பிறகு, சந்தை முடிந்ததும் இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டுமே என்று குறுக்குப் பாதையில் மலையேறி ஓடியே பழகியவள்.

அவளை எனக்கு ஒரு பட்டா வழங்கும் விழாவிலிருந்தே தெரியும். அந்த விழாவுக்காக நாங்கள் பல ஆண்டுகள் மனு கொடுத்திருந்தோம். ஒலிபெருக்கியில் ஊர் ஊராகப் பெயர் படித்தார்கள். அஞ்சலையின் நிலம் கணவனின் தம்பி பெயருக்குப் போயிருந்தது. அது தெரியாமல் அவள் தன் பெயருக்காகக் காத்து, பந்தல் பிரிக்கும்வரை நின்றாள். நான் மேடைக்கு ஓடினேன், கத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. வேனில் ஏற்றினார்கள்.

எண் அட்டைப் பந்தலில் என்னைப் பார்த்ததும் சிரித்தாள். முதலில் வருகிறவர் பெயரை ஒலிபெருக்கியில் சொல்வார்களாமே, உண்மையா என்று கேட்டாள். உண்மை என்றேன். "அன்னிக்கி அல்லார் பேரும் மைக்குல வந்திச்சி, எம்பேரு வரல. நாளைக்கி வரணும். ஊருக்காரங்களும் ஜீப்பு புடிச்சி வர்றாங்க, அதக் கேக்கத்தான்" என்றாள். கொழுந்தனும் வருகிறானா என்று கேட்டேன். அவனைத்தான் முதல் ஆளாக ஏறச் சொல்லியிருப்பதாகச் சொன்னாள்.

பேருந்தைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லையே அம்மா, நீ ஓடியே கஷ்டப்படுகிறாயே என்று வருத்தத்தோடு சொன்னேன். அவள் புது ஷூவுக்குள் விரல்களை அசைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உங்க போராட்டம் ஜெயிச்சிருந்தா எனக்கு ஓட்டமே வந்திருக்காதுண்ணா."

படித்த ஒருவர்

காலையில் ஓட்டம் தொடங்கியது. நான் கூட்டங்களோடு எத்தனையோ முறை சாலையில் போயிருக்கிறேன். முழக்கம் இல்லாத கூட்டத்தோடு போனது அன்றுதான். அத்தனை பேரும் மூச்சு விடுகிற சத்தமும் ஷூ சத்தமும் மட்டும். என்ன வேண்டும் என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. முதலில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. எதற்கும் இல்லாமல் இவ்வளவு பேர் ஒரே திசையில் போக முடியுமா என்று நினைத்தேன். ஒரு ஏற்றத்தில் மூச்சு முட்டி நான் தடுமாறியபோது முகம் தெரியாத இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் கையைப் பிடித்து மேலே கொண்டுவிட்டுப் போனார்கள். என் சங்கத்தில் கடைசியாக யார் யாரைக் கைபிடித்துத் தூக்கினோம் என்று யோசித்தபடி கொஞ்ச தூரம் போனேன்.

துண்டுப் பிரசுரத்தை வாங்குகிறவன் அடுத்த மின்கம்பத்துக்குள் அதைக் கீழே போட்டுவிடுவான். அது எனக்குப் பழகிய வலி. காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்த இளைஞர் ஒருவர், வெகுநேரம் என் பின்னாலேயே வந்துவிட்டுப் பக்கத்தில் வந்து சேர்ந்தார். காதிலிருந்ததைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "ரெண்டு கிலோமீட்டரா உங்க முதுகத்தான் சார் படிச்சிட்டு வர்றேன். அந்த பஸ் இன்னுமா விடல?"

மறியலில் ஒரு சலுகை

ஒரு வளைவில் இரண்டு எருதுகளோடு ஒருவர் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தார். அந்தப்பக்கம் அவர் நிலம். ஓட்டம் முடிந்து சாலை திறக்கும்வரை கடக்கக் கூடாதாம். முன்பு இதே வளைவில்தான் நாங்கள் மறியல் செய்தோம். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். என் பனியனையும் கால்சட்டையையும் மேலும் கீழும் பார்த்தார். கட்சி மாறிவிட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ.

"நீ ரோட்ட மறிச்சப்பக்கூட எம்மாட்ட வுட்டண்ணா" என்றார்.

எல்லைக்கல்

ஓட்டம் முடியும் இடம் ஓர் அம்மன் கோயில் மைதானம். பரந்த இடம், மரநிழல், வண்டிகள் நிற்க வசதி என்று பார்த்துத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். அந்த மைதானத்தின் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நட்டிருக்கும். அந்த ஊர்க்காரர்களும் சுற்று ஊர்க்காரர்களும் அதைத் தாண்டிக் காலில் எதையும் போட்டுக்கொண்டு போகமாட்டார்கள். பலகை எதுவும் கிடையாது. யாரும் சொல்லித் தரவும் வேண்டியதில்லை. மூச்சிரைக்க நான் அந்தக் கல்லை அடைந்தபோது அதன் பக்கத்தில் புத்தம்புது ஷூக்கள் ஜோடி ஜோடியாக, அழகாக, மைதானத்தைப் பார்த்தபடி அடுக்கியிருந்தன. எல்லாம் மலைப் பெண்களுடையவை. நாடாவில் வில்லைகள் கட்டியபடியே இருந்தன.

நானும் யோசிக்கவில்லை. முப்பது ஆண்டு மலையேறிய பழக்கம். கடவுளை மறுத்துப் பிரசுரம் எழுதியவன்தான். ஆனாலும் அந்தக் கல்லைச் செருப்போடு தாண்டியதில்லை. ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓடிப்போய்ப் பாயைத் தாண்டினேன். கை தட்டினார்கள்.

முந்தைய நாள் வில்லை கட்டிய பெண் அங்கே கணினியோடு உட்கார்ந்திருந்தாள். என் எண்ணைப் பார்த்து, திரையைப் பார்த்து, என் காலைப் பார்த்தாள். "உங்க ஷூ எங்க அங்கிள்? நீங்க இன்னும் வந்து சேரவே இல்லன்னு காட்டுது."

தோற்றவர் சாட்சி

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. அஞ்சலையைத் தேடினேன். அவள் ஊர்க்காரர்களோடு மரத்தடியில் நின்றிருந்தாள். பெண்களில் அவள்தான் முதலில் வந்ததாக எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். கல்லருகில் நின்று, குனிந்து, முடிச்சு அவிழ்த்து, ஷூவைச் சேர்த்துவைத்து, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஓடினாளாம். நான் ஒன்றும் சொல்வதற்குள் மேடையில் அறிவிப்பாளர் பெண்கள் பிரிவின் முதல் பெயரைப் படித்தார். அது மஞ்சள் தொப்பி போட்ட வேலூர்க்காரப் பெண் ஒருவருடைய பெயர்.  மரத்தடியில் கொழுந்தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "வுடுங்கண்ணா, ஜீப்பு கெளம்பிடும்" என்று அஞ்சலை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் மேடைக்குப் போனேன். பட்டா விழாவில் போன அதே வேகம்தான். கத்தவில்லை, கத்த மூச்சு இல்லை. அறிவிப்பாளர் மரியாதையான பிள்ளை. பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது புரியுது சார். ஆனா சிஸ்டத்துல அவங்க வரல. நாங்க இன்னா பண்றது?" என்றார். சிஸ்டம் என்ற சொல்லோடு எனக்குப் பழைய பகை. மேடைக்கு முன்னால் உட்கார்ந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. உட்கார்ந்தால் மறுபடி எழுந்திருக்க முடியுமா என்ற சந்தேகமும் வந்தது.

அதற்குள் மரத்தடியில் இருந்தவர்கள் மெல்ல நகர்ந்து கல்லருகில் போய் நின்றுவிட்டார்கள். அவர்களுடைய வழக்கம் எனக்குத் தெரியும். ஒரு தகராறு வந்தால் அவர்கள் ஊர்க்கூட்டத்தில் வாதாடமாட்டார்கள். உண்மையைச் சொன்னால் யாருக்கு நஷ்டமோ, அவரை அந்தக் கல்லருகில் வெறுங்காலோடு நிறுத்தி, நீ பார்த்ததைச் சொல் என்பார்கள். அவர் சொல்வதுதான் முடிவு. பிறகு யாரும் பேசக் கூடாது. மஞ்சள் தொப்பிப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது. கையில் கோப்பை வைத்திருக்கிறவரிடம் கேட்கிற கேள்வியா இது?

அவர் என்னைப் பார்த்தார். மேடையிலிருந்து இறங்கினார். கல்லருகில் போனதும் ஷூவைக் கழற்றினார். அறிவிப்பாளர் பின்னாலேயே கை ஒலிபெருக்கியோடு ஓடினார். ஓட வந்தவர்களும் சுற்றிக் கூடிவிட்டார்கள். காதில் பாட்டுக் கேட்ட இளைஞரும் இருந்தார். ஏட்டும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றார்.

"இவங்க எனக்கு முன்னாடிதான் வந்தாங்க" என்றார் அந்தப் பெண். "இந்த எடத்துல நின்னு ரெண்டு ஷூவையும் கழட்டி வெச்சாங்க. அப்பவும் என்னால அவங்கள புடிக்க முடியல."

கோப்பையை அஞ்சலையிடம் நீட்டினார். அஞ்சலை அதை வாங்கவில்லை, ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறிவிப்பாளருக்கு அது புரிந்தது. கணினியில் பெயர் இல்லையே, எப்படிப் படிப்பது என்று தயங்கி, ஒலிபெருக்கியை என் கையில் கொடுத்தார். எத்தனையோ ஆண்டுகளாக நான் பறிக்கப்போய் அடி வாங்கிய பொருள், கேட்காமலே கைக்கு வந்தது. பேருந்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேசலாம். முதுகில் எழுத்தும் இருக்கிறது, எதிரே கூட்டமும் இருக்கிறது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அவளிடம் கேட்டேன்: எப்படிப் படிக்கட்டும், ஊர் பெயரோடா, வீட்டுக்காரர் பெயரோடா?

"எம்பேரு மட்டும் போதுங்கண்ணா" என்றாள்.

பேருந்து இன்னும் வரவில்லை, கணினியின் கணக்கில் நான் இன்றைக்கும் மலைச்சாலையில் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறேன், ஆனாலும் என் தொழிலில் வைத்த கோரிக்கை வைத்த இடத்திலேயே நிறைவேறிய ஒரே கூட்டம் அதுதான், அதில் நான் பேசிய பேச்சு முழுவதும் இவ்வளவுதான்: "அஞ்சலை."