முத்தாத்தாள் விட்டுவைத்த கிடாய்

சனிக்கிழமை காலை, முத்தாத்தாள் ஆட்டுக்குட்டிகளை எடை போட்டுக்கொண்டிருந்தாள். பட்டியின் விட்டத்தில் முள் தராசு, அதன் கொக்கியில் உரச்சாக்குத் தூளி. உள்ளே கிடந்த கிடாய்க்குட்டி போட்ட கூச்சலைக் காதில் வாங்காமல் முள்ளைப் பார்த்தாள். மூன்று மாதத்துக்குப் பதினாலேகால் கிலோ. காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள்.

எருத்தேன்பதிக்கு அவள் மருமகளாக வந்தபோது இதே பட்டியில் மூன்று மாதக் குட்டி ஒன்பது கிலோவைத் தாண்டாது. தீவனத்தை மாற்றிப் பார்த்தாள், பலனில்லை. ஆறு வருடம் கழித்துத்தான் காரணம் பிடிபட்டது. கோயில் திருவிழா, நோன்பி என்று வந்தால் கொழுத்த கிடாய் வெட்டுக்குப் போகும். ஒருவரும் கேட்காத சோனிக் கிடாய் பட்டியில் தங்கி, அடுத்த ஈத்துக்கெல்லாம் அப்பனாகும்.

"நல்லதத் தின்னுபோட்டு சோனிக்குக் கண்ணாலம் பண்ணி வெக்கறமுங்க" என்றாள் கணவன் அர்த்தநாரியிடம். அவன் சிரித்தான். ஆனால் அந்த வருடம் வெட்டுக்கு விடாமல் அவள் தடுத்துவைத்த கொழுத்த கிடாயை விற்கவில்லை. இப்போது பக்கத்து ஊர் கொழிஞ்சாம்பாறையிலிருந்துகூடப் பெட்டை ஆட்டை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு முத்தாத்தாளின் கிடாயைத் தேடி வருகிறார்கள்.

அந்தக் கிடாய்க்கு வயதாகிவிட்டது. அடுத்தது, வெளியூரில் சினையாக வாங்கிய ஆடு ஈன்ற, தூளியில் கிடக்கும் இந்தக் குட்டிதான். பட்டிக்குப் புது ரத்தம்.

அர்த்தநாரியின் அக்காள் வீட்டுக்காரர் காளிச்சாமி வந்து நின்றார்.

"அம்மிணி, இவந்தானா? மாரியம்மனுக்கு நேந்துவிடோணும். மாப்ள தர்றேன்னுட்டான்."

முத்தாத்தாள் பக்கத்தில் நின்ற கணவனைப் பார்த்தாள். அவன் தராசைப் பார்த்தான்.

"காப்பி குடிங்கண்ணா" என்று இருவரையும் வீட்டுக்குள் அழைத்துப்போனாள். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் சொன்னாள்: "அந்தப் புள்ளிக் கிடாயப் புடிச்சுக்குங்க. பன்னெண்டு கிலோ இருக்குதுங்க."

"சாமிக்கு ரெண்டாந்தரமா?"

"சாமியா தராசு வெச்சுப் பாக்குது? நீங்கதானுங்க பாக்கறீங்க."

அர்த்தநாரிக்குக் காப்பி புரையேறியது.

"இத வெட்டுனா ஒரு நாள் கறிங்கண்ணா. விட்டா வருசத்துக்கு நூறு குட்டிக்கு அப்பன்."

"ஏன்டா மாப்ள, உன்ற வாக்கு என்னாச்சு?"

அர்த்தநாரி வாயைத் துடைத்துக்கொண்டான். "எனக்கென்ன தெரியுமுங்க மச்சான், கேக்காமச் சொல்லிப்போட்டேன். பட்டி அவளுதுங்க."

முத்தாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை வருடத்தில் இதை அவன் இன்னொருவர் முன்னால் சொன்னதில்லை.

காளிச்சாமி மிச்சக் காப்பியைச் சொட்டு விடாமல் குடித்தார். "சரி, புள்ளியவே குடு." பிறகு குரலை இறக்கி, "இவன் பெருசானா எங்கூட்டு ஆட்டுக்கு மொதல்ல விடுவியா, அம்மிணி?" என்றார்.

முத்தாத்தாள் இரண்டு டம்ளர்களையும் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு எடுத்துக்கொண்டாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, "உங்கூட்டு ஆடுதானுங்கண்ணா மொதல்ல" என்று சொல்லிவிட்டு அறையைவிட்டுப் போனாள்.