ஒரு ரூபாய்ப் போணி

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் பணம் கொடுப்பது பாவமன்னிப்புக் கேட்பது மாதிரி. அட்டையைக் கருவியின் மேல் காட்டினால் அது காதோடு காதாக 'பீப்' என்கிறது. கொடுத்த நானும் வாங்கியவனும் வேறெங்கோ பார்த்துக்கொள்கிறோம். ஊரில் இருப்பவர்களுக்கு இந்தக் கூச்சம் புரியாது. காசிமேட்டில் என் அக்கா மல்லிகாவின் மீன் கடையில் யாராவது கைபேசியில் பணம் போட்டால், ஐஸ் பெட்டி மேலிருக்கும் சின்ன ஸ்பீக்கர், "இருநூறு ரூபாய் பெறப்பட்டது" என்று செய்தி வாசிப்பவளின் தமிழில் லாரி ஹாரனையும் தாண்டி முழங்கும். "கேட்டுச்சும்மா" என்பாள் அக்கா.

சில மாதங்களுக்கு முன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், இங்கே வாங்கிய பாரமுண்டி மீனின் படத்தைப் போட்டு, "நம்மூர் கொடுவாதான், ஆனால் சுத்தமான தண்ணீரில் வளர்ந்தது" என்று எழுதினேன். நிறையப் படித்தவனுக்கு எந்த வார்த்தையோடு நிறுத்துவது என்று தெரிவதில்லை. எண்ணூர்ப் பக்கம் கடலில் எண்ணெய் மிதந்த நாட்களில், நல்ல மீனையும் முகர்ந்துவிட்டு வைத்துப் போனவர்களைப் பார்த்தபடி பொழுதெல்லாம் உட்கார்ந்திருந்தவள் அக்கா. குழுவிலிருந்து வெளியேறி, என்னை பிளாக் செய்தாள். சின்ன வயதில் கோபம் வந்தால் மீன்கூடையால் அடிப்பாள். வலித்தாலும் சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். இந்தப் புது ஆயுதத்துக்குச் சாயங்காலமே கிடையாது.

சமாதானத் தூது விட்டுப் பார்த்தேன், பலிக்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது: தம்பியை பிளாக் செய்யலாம், கடையின் க்யூஆர் கோடைச் செய்ய முடியுமா? பக்கத்துக் கடை கஸ்தூரி அதன் படத்தை அனுப்பிவைத்தாள். என் தேநீர் இடைவேளையும் அக்கா கடை விரிக்கும் நேரமும் ஒன்று. ஒரு ரூபாய் போட்டேன். மறுநாளும் போட்டேன்.

கஸ்தூரியின் குரல் செய்தி வந்தது. "அண்ணே, ஸ்பீக்கர் பொட்டி ஒர்ருபான்னதும் மார்க்கெட்டே சிரிக்குது. 'உன் தம்பி கூவிட்டான்டீ'ன்னு கலாய்ச்சிகினு கீறாங்க. அக்கா மூஞ்சத் திருப்பிக்கிச்சு. ஆனா பொட்டிய ஆஃப் பண்ணல."

அந்தக் கடைசி வாக்கியத்தை வைத்துப் பல வாரம் ஓட்டினேன். உடன் வேலை செய்யும் ஸ்டீவிடம் இதை விளக்கியபோது, "பேசுவதற்கு உன் அக்கா தினமும் கட்டணம் வாங்குகிறாளா?" என்றான்.

"இல்லை, பேசாமல் இருப்பதற்கு."

"மலிவுதான்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

போன வாரம் பல் பிடுங்கப் போனதில் ஒரு நாள் தவறிவிட்டது. ஊசியில் பாதி முகம் மரத்துப்போய், பணம் கட்டும் வரிசையில் நின்றிருந்தேன். கைபேசி அடித்தது. மல்லிகா அக்கா!

"இன்னாடா, உசுரோட கீறியா?"

"ஆ... ங்கா..."

"காலைலயே ஊத்திக்கினியா? பொட்டி வாயத் தொறக்கல. தெனம் உன் ஒர்ருபாதான்டா எனக்கு போணி! நீ போட்டா கூடை காலியாவுது. இன்னிக்கு கஸ்டமரு நோட்ட நீட்டிகினு நிக்குது, நான் வாங்காம குந்திகினு கீறேன். பேஜாரு பண்ணாத, போட்றா!"

வாய் உதவவில்லை. விரல் உதவியது. அவள் போனை வைக்காமல் காத்திருந்தாள். ஏலச் சத்தத்துக்கும் கஸ்தூரியின் சிரிப்புக்கும் மேலே அந்தச் செய்தி வாசிப்பவள் என் காதுக்குள் அறிவித்தாள்: "ஒரு ரூபாய் பெறப்பட்டது."

வரவேற்பறைப் பெண் என் பெயரைத் தப்புத் தப்பாக உச்சரித்து இரண்டாம் முறையும் கூப்பிட்டாள். நான் நகரவில்லை. காசிமேட்டுக்கு இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தேன்.